ஏழாவது பாட்டு

வீரய்யா தன் சாவுக்குத் தானே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

காலை பத்து மணி. தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி வேலை முடித்து வந்து படுத்தவர், மழையில் ஊறிய பின்பக்கத்து மண்மேடு சுவரோடு சேர்ந்து உள்ளே வந்தபோதுதான் கண்விழித்தார். இடுப்பு வரை சேறு. வயிற்றுக்குக் குறுக்கே அலுமாரி. கதவு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

"யாராச்சும் வாங்களே!" என்று கத்திப் பார்த்தார். அலுமாரி அழுத்திய அழுத்தில் மூச்சே மேலே ஏறவில்லை. அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை, கீழ்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு எங்கே கேட்கப்போகிறது? பெண்டாட்டி ராசம்மா கிளினிக்குக்காக ஹட்டனுக்குப் போயிருந்தாள். போன் சேற்றுக்குள் போய்விட்டது. வரிசை வீடுகள் கொண்ட அந்தக் கடைசி லயத்தில் பகலில் ஈ காக்கைகூட இருக்காது.

கைக்கு எட்டியது, நல்ல சுவரில் மாட்டியிருந்த தப்பும் அதில் செருகியிருந்த இரண்டு குச்சிகளும்தான்.

தோட்டத்தில் சாவுத் தப்பு கேட்டால் போதும், கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்தனை பேரும் ஓடி வருவார்கள். துரைகூடத் தடுக்க மாட்டார். வீரய்யா ஒரு சுற்று அடித்து முடித்தார். ஒருத்தரும் வரவில்லை.

வரமாட்டார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

ஆறு மாதத்துக்கு முன்னால், டயகமப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் மைக்கைத் தூக்கிக்கொண்டு இந்தக் காம்பரா வீட்டுக்கு வந்தார்கள். 'கவ்வாத்து' என்று ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அவர்கள் போட்ட 'தகரக்கூரை' ஆல்பத்தில் ஏழாவது பாட்டு, இவர் அடித்த சாவுத் தப்பு. வேறு வாத்தியம் கிடையாது, வெறும் தப்பு. அதற்குப் போய்ப் பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்தார்கள். பஸ்ஸில் அது, ஹமீத் நானா கடையில் அது, கல்யாண வீட்டில்கூட அது!

லயத்துப் பையன் தர்ஷன் அதை முதல் தடவை ஸ்பீக்கரில் போட்டபோது, எழவு விழுந்துவிட்டது என்று மலையே ஓடி வந்தது. இரண்டாம் தடவை பாதிப் பேர் வந்தார்கள். இப்போதெல்லாம் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

அதிலும் நாலாவது சுற்று முடிகிற இடத்தில் ஒரு கூத்து. பதிவு செய்த அன்று தேயிலைத் தூசி தொண்டையைப் பிடித்து, இவர் அங்கே இருமிவிட்டார். "அத வெட்டிருங்க தம்பி" என்று கெஞ்சியும் அந்தப் பயல்கள் கேட்கவில்லை. ஹட்டனில் மேடை போட்ட அன்று, அந்த இடம் வந்ததும் முந்நூறு பேரும் ஒன்றாக இருமினார்கள். வீரய்யா தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

பக்கத்து லயத்து லோஜினி இன்னும் மோசம். இவரைக் கண்டாலே இருமுவாள். முந்தாநாள்தான் பிடித்து வெளுத்து வாங்கினார்.

"நக்கலா புள்ள? இனிமே ஏம் மூஞ்சியிலயே முழிக்காத!"

"ஐயோ, நக்கல் இல்ல மாமா. அந்தப் பாட்டுன்னா எனக்கு உசுரு."

உசுராம், உசுரு! இப்போது இவர் உசுரல்லவா போய்க்கொண்டிருக்கிறது.

சேறு மெல்ல ஏறி விலாவைத் தொட்டது. மேலே மரச்சட்டம் நெரிந்தது. வீரய்யா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் சுற்று அடித்தார், மூன்றாம் சுற்று அடித்தார். மழை விட்டிருந்ததால் கீழிருந்து பேச்சுச் சத்தம்கூட லேசாகக் காதில் விழுந்தது.

"வேல நேரத்துலயும் போட்டுட்டான்டி இந்தத் தர்ஷன்!" என்று யாரோ ஒருத்தி சொன்னாள்.

வீரய்யாவுக்குக் கை மரத்துப்போனது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி நாலாவது சுற்றையும் அடித்தார். கடைசி அடி விழுந்து ஓய்ந்தது.

கீழே அத்தனை பெண்களும் ஒரே குரலில் இருமினார்கள். பிறகு கொல்லென்று சிரித்தார்கள்.

குச்சி அவர் கையிலிருந்து நழுவியது. "பாவிகளா, நெசமாவே சாகப்போறேனே" என்று முனகினார். அழுகை வந்தது, அழவும் மூச்சு இல்லை. அந்த நாலு பையன்களையும், மைக்கையும், ஏழாவது பாட்டையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கண்ணை மூடினார்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. கூரைத் தகரத்தில் அலவாங்குக் கம்பி விழும் சத்தம் கேட்டது.

"இங்கனதான்! மெதுவா, மெதுவாத் தூக்குங்க!"

தகரம் பிய்ந்து வெளிச்சம் உள்ளே கொட்டியது. ஓட்டையில் லோஜினியின் முகம் தெரிந்தது. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கங்காணியும் பாதி மலை ஆட்களும் நின்றார்கள்.

நாலு பேர் இறங்கி அலுமாரியைப் புரட்டித் தள்ளி, அவரை வெளியே தூக்கிப் போட்டார்கள். வீரய்யா லோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"எல்லாரும் பாட்டுன்னுதான புள்ள நெனச்சீங்க? சிரிச்சது கேட்டிச்சே! நீ மட்டும் எப்புடிம்மா வந்த?"

ஓடி வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"நாங்க எல்லாரும் இருமுனோம் மாமா. நீங்க மட்டும் இருமலயே!"