எம்.சி. கரும்பின் எதிரி

"கொழந்த அழுவறது காதுல வுழுதா இல்லியா? எந்நேரமும் போன நோண்டிக்கினே இருக்கியே!"

களமருதூரிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த கோகிலவாணி, தம்பி பொண்டாட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டே நிமிஷம் அண்ணி" என்றாள் தேவிப்ரியா. இடது கை தூளியை ஆட்டியது. வலது கைக் கட்டைவிரல் போனில் பறந்தது. முகத்தில் சிரிப்பு வேறு.

தம்பி சரத்குமார் வாசற்படியில் உட்கார்ந்து அவனுடைய போனை முறைத்துக்கொண்டிருந்தான். இப்போது டிராக்டர் ஷோரூமில் வேலை. அதற்கு முன்னால் அவன் எம்.சி. கரும்பு. காணும் பொங்கலுக்கு கோமுகி அணையில் அவன் ராப் பாட மைக்கைப் பிடித்தால், போலீஸ் வந்துதான் கூட்டத்தைக் கலைக்கும். கல்யாணம், குழந்தை, ஷோரூம் என்று ஆனபிறகு எல்லாம் நின்றுபோனது. கடைசியில் மைக்கையே விற்கிறான். வாங்குகிற ஆள் சின்னசேலத்திலிருந்து சாயங்காலம் வருவதாகப் பேச்சு.

"இன்னாடா, ஞாயித்துக்கெழம அதுவுமா மொகத்த இப்டி வெச்சிக்கினு இருக்க?"

"இத பாருக்கா."

இன்ஸ்டாகிராமில் யாரோ கேட்டிருந்தார்கள்: 'கள்ளக்குறிச்சி ராப்பை இத்தனை வருஷத்தில் ஆண்டது யாரு?' கீழே இரண்டே பேர் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு கமெண்ட்.

'2018, 19 ரெண்டு வருஷமும் எம்.சி. கரும்புதான். நம்மூர்ப் பேச்சுல மொதல்ல பாடினதே அவருதான். பஸ் ஸ்டாண்ட் நவுஷாத்துக்கு மூணு பாட்டுக்கும் ஒரே பீட்டு.' இப்படி எழுதியவன் பேர் கோமுகிப் புலி.

'2020லேருந்து நவுஷாத்துதான் ராஜா. கரும்பு பாடினா ரெண்டாவது வரியிலயே மூச்சு வாங்கும்.' இது பஸ் ஸ்டாண்ட் வெறியன்.

"நவுஷாத்து யாருடா?"

"கள்ளக்குறிச்சியில செருப்புக்கடை வெச்சிருக்கான். என் எடத்துக்கு வந்தவன். அவனும் இப்ப பாடறதில்ல. அவன வுடுக்கா. இந்த வெறியன் எவன்னுதான் தெரியல. எனக்கு மூச்சு வாங்குதாம்! பக்கத்துலயே உக்காந்து கேட்டவனாட்டம் எழுதறான்."

உள்ளே குழந்தை மறுபடி வீறிட்டது. கோகிலவாணி எழுந்து போனாள். தேவிப்ரியா பால் காய்ச்ச அடுப்படிக்குப் போயிருந்தாள். போன் பாயில் கிடந்தது, வெளிச்சம் அணையாமல்.

அதில் பாதி எழுதிய வரி: 'கரும்பு இனிமே எங்க பாடப் போறாரு? தொப்ப வந்துடுச்சி. மைக்க வித்துட்டுப் படுத்துத் தூங்க…'

மேலே பேர்: பஸ் ஸ்டாண்ட் வெறியன்.

கோகிலவாணி இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். கட்டினவனையே ஊரறியத் திட்டுகிறாள்! அதுவும் வேறொருத்தனுக்கு ரசிகையாக! இதைச் சொன்னால் இன்றைக்கே வீடு இரண்டாகும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள். தேவிப்ரியா கொண்டுவந்து வைத்த காபியைத் தொடவில்லை.

"ஆறிப்போவுது அண்ணி."

"போவட்டும்."

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் சரத்குமாரின் சத்தம் கேட்டது.

"தொப்பையாமே! தொப்பை!"

தடதடவென்று உள்ளே வந்தான். வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே பரணிலிருந்து மைக் பெட்டியை இறக்கினான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மத்தியானச் சோற்றுக்கு வந்தான், நின்றவாக்கில் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான், திரும்பப் போய்ச் சாத்திக்கொண்டான். ஒரே வரியை நாற்பது தடவை பாடுவது கதவைத் தாண்டிக் கேட்டது.

சாயங்காலம் சின்னசேலத்து ஆள் வந்தான். சரத்குமார் சட்டை நனைய வெளியே வந்தான்.

"மைக்கு விக்கலப்பா. தப்பா நெனச்சிக்காத. ஒருத்தனுக்குப் பதில் சொல்ல வேண்டியது பாக்கி இருக்குது."

வந்தவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். சரத்குமார் அறைக்குள் போனதும் கோகிலவாணி அடுப்படிக்குப் போனாள்.

"ஏன்டி, வெறியன் நீதான?"

தேவிப்ரியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

"வெக்கமா இல்ல உனக்கு? புருஷன யாராச்சும் இப்டித் திட்டுவாங்களா?"

"நீங்க நல்லாப் பாடுறீங்க, வுட்டுடாதீங்கன்னு நாலு மாசமாச் சொன்னேன் அண்ணி. 'பொண்டாட்டி வேற எப்டிச் சொல்லுவா'ன்னுட்டாரு உங்க தம்பி. சரியாச் சாப்புடறதுகூட இல்ல. மைக்க விக்கறேன்னதும்தான் திட்ட ஆரம்பிச்சேன். திட்டினா மட்டும் நம்புறாரு."

சாயங்காலக் காபியையும் தொடாமல் அடுப்படியிலேயே விட்டிருந்தாள் கோகிலவாணி. இப்போது அதை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அது சரி. அந்த நவுஷாத்தப் போட்டுக் கிழிக்கிறானே, கோமுகிப் புலி? நம்ம பையனுக்கு அப்டி ஒரு ரசிகன் எங்கருந்துடி வந்தான்?"

"ரசிகன்லாம் இல்ல அண்ணி. அது நவுஷாத்து பொண்டாட்டி ஜெபீனா. கொழந்தைக்கு ஊசி போடப் போனப்ப வரிசையில பழக்கம். அவங்க வூட்லயும் இதே கததான். ரெண்டு பேரும் மொதல்லயே பேசி வெச்சிக்கினோம், அவங்கவங்க வூட்டுக்காரர அவங்கவங்களே திட்டிக்கணும்னு. அடுத்தவ திட்டினா நமக்கு மனசு தாங்காதில்ல?"