லொறியின் புதுக் குழாய்

கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் பத்து மணி வெயிலில் றெஜியின் லொறி உறுமிக்கொண்டு நிற்கிறது. நேற்றுத்தான் பழைய புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, கை நுழையுமளவு அகலமான புதியதைப் பூட்டியிருக்கிறான். பழையதன் வாய் ரோட்டைப் பார்த்திருந்தது. புதியதன் வாய் வீட்டுப் பக்கம் திரும்பி, நேரே உடுப்புக் கொடியைப் பார்க்கிறது. அந்தக் கொடியில் மகளின் முதல் நன்மைச் சட்டை தொங்குகிறது. நாளைப் பூசையில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள் என்று அவன் மனைவி ஜெசிந்தா மூன்று கிழமை குந்தியிருந்து தைத்த வெள்ளைச் சட்டை. இப்போது அதன் நெஞ்சில் தேங்காய்ப் பாதியளவு கரி. விரலால் தட்டிப் பார்க்கிறாள். கரி இன்னும் பரவுகிறது. "சத்தத்தைக் கேளும் ஜெசிந்தா," என்று றெஜி சாரதி சீற்றில் இருந்தபடியே கத்துகிறான். "எஞ்சின் இனி நல்லா மூச்சு விடும். எவ்வளவு பாரமெண்டாலும் இழுக்கும். டீசலும் மிச்சம்." மறுபடியும் மிதிக்கிறான். கறுப்புப் புகை அவள் முகத்திலேயே வந்து மோதுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, கொடியில் கிடக்கும் அவனுடைய வெள்ளைச் சேர்ட்டை ஒரே இழுப்பில் உருவுகிறாள். கிளிப்புகள் தெறித்துக் கழிவுநீர்க் கானுக்குள் விழுகின்றன. சேர்ட்டைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, வாசல் கூட்டச் சாத்தியிருக்கும் தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, உலக்கை போல இடித்து இறுக்குகிறாள். லொறி இரண்டு தரம் குலுங்கி, இருமி, அடங்குகிறது. மேல்வீட்டு ரேடியோ சட்டென்று தெளிவாகக் கேட்கிறது. றெஜி கதவைத் திறந்து தலையை நீட்டுகிறான். தும்புத்தடியில் பிடித்த கையை எடுக்காமலே ஜெசிந்தா சொல்கிறாள்: "இப்பதான் டீசல் மிச்சம்."