உத்திரத்துப் பல்லி

வெள்ளைக்காரத் துரை கட்டின பெரிய பங்களா அது. இப்போது ஊர்க் கல்யாணமெல்லாம் அங்கேதான். கூடத்து உத்திரத்தில் இருந்த ஒரு பொந்துதான் பல்லிக்கு வீடு.

அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தம். மேளம் அதிர அதிர உத்திரம் முனகியது.

"பல்லியக்கா, கரையான் தின்னு நான் வெறும் கூடா நிக்கிறேன். இனிமே தாங்க மாட்டேன். கீழே இருக்கிற சனங்களை வெளியே போகச் சொல்லேன்."

பல்லி தொண்டை கிழிய, "ச்சு ச்சு ச்சு" என்று கத்தியது.

"பல்லியே சொல்லிடுச்சு, நல்ல சகுனம்! இன்னும் பலமா அடிங்கப்பா!" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

உத்திரத்தில் படபடவென்று விரிசல் ஓடியது.

"அக்கா, சீக்கிரம்!"

வேறு வழி தெரியவில்லை. பல்லி அப்படியே தாய்மாமனின் உச்சந்தலையில் குதித்தது.

"ஐயையோ! தலையில பல்லி விழுந்தா குடும்பத்துக்கே ஆகாதே!"

மேளம் நின்றது. அவரைத் தலைமுழுக வைக்க, கூட்டம் மொத்தமும் கிணற்றடிக்கு ஓடியது. கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் உத்திரம் முறிந்து மேடைமேல் விழுந்தது.

வீடும் போய், சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கிய பல்லிக்குத் தாய்மாமனின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா? அந்தச் சனியன் விழுந்ததாலதான் உத்திரமே விழுந்துச்சு. யாராவது துடைப்பத்தை எடுத்துட்டு வாங்க!"