அரைப் பேர்

"இந்தச் சுவத்துல கணபதி படமா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

தொழிற்சங்கத் தலைவர் வீரசிங்கம் போட்ட சத்தத்தில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையே அடங்கிப்போனது.

லோஜினி, தன் மாமா கணபதியின் படத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்து, படிக்க வைத்து, டீச்சராக்கியவர் கணபதி மாமா. அவர் இறந்து முப்பத்தொரு நாள் ஆகிறது.

"மாமா அப்படி என்ன தப்பு செஞ்சாரு தலைவரே?"

"ஒண்ணுமே செய்யல. அதுதான் தப்பு."

வீரசிங்கம் சுவரைக் காட்டினார். நான்கு படங்கள். வாசலுக்கு நேரே இருந்தது அவருடையது.

"எட்டு வருசத்துக்கு முந்தி, சம்பளப் போராட்டத்துல கண்டி வீதியில மூணு வாரம் உக்காந்தவங்க நாங்க நாலு பேரு. மழை, வெயில் பார்க்கல. வாய்யான்னு உங்க மாமாவையும் கூப்பிட்டேன். மனுசன் சாக்கைத் தூக்கிக்கிட்டு பொம்பளைங்களோட கொழுந்து எடுக்கப் போயிட்டாரு. அதையாவது ஒழுங்கா செஞ்சாரா? தினமும் அரைப் பேரு!"

இளைஞர்கள் சிரித்தார்கள். சொன்ன அளவு கொழுந்து பறிக்காதவருக்குத் தோட்டத்தில் அரைப் பேர்தான் விழும். பாதிச் சம்பளம்.

லோஜினிக்குக் கண் கலங்கியது. "மாமா சோம்பேறி இல்ல. மலையை விட்டுக் கடைசியா இறங்குறது அவருதான்."

"அப்போ பறிச்ச கொழுந்து எங்க போச்சு? காத்துல பறந்துச்சா?" வீரசிங்கம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சரி, நான் சர்வாதிகாரி இல்ல. கணபதியால நல்லது கண்டவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க!"

யாரும் அசையவில்லை. வீரசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூவருமே அந்தச் சுவரில் படமாக இருந்தவர்களின் மனைவிமார்.

நான்காவது கை இரத்தினம்மாவுடையது.

"நீ என் பொண்டாட்டி. நீ ஏன்டி தூக்குற?"

இரத்தினம்மா எழுந்தாள்.

"நீங்க வீதியில உக்காந்த மூணு வாரமும் வீட்டுல அடுப்பு எரிஞ்சது என் ஒருத்தி சம்பளத்துல. எனக்கு அப்போ காய்ச்சல். பத்துக் கிலோவுக்கு மேல எடுக்க முடியல. ஆனா ஒரு நாளும் எனக்கு அரைப் பேரு விழல. ஏன்னு கேட்டீங்களா?"

இரத்தினம்மா மற்ற மூன்று பெண்களையும் திரும்பிப் பார்த்தாள்.

"கொழுந்து நிறுக்கிறதுக்கு முந்தி, மடுவக் கொட்டகைக்குப் பின்னால வச்சு, கணபதி அண்ணன் தன் சாக்குல இருந்து அள்ளி, குறையிற அளவுக்கு எங்க நாலு பேரு சாக்குலயும் போட்டுடுவாரு. அதனாலதான் அவருக்கு அரைப் பேரு."

வீரசிங்கம் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். "இத்தனை வருசமா ஏன்டி சொல்லல?"

"அவருதான் எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'வீரசிங்கத்துக்குத் தெரிஞ்சா ரோசப்பட்டு மலைக்கு வந்துடுவான் தங்கச்சி. அப்புறம் நமக்காக வீதியில யாரு உக்காருவா?'ன்னு கேட்டாரு."



வீரசிங்கம் எழுந்து, கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். வாசலுக்கு நேரே இருந்த தன் படத்தைக் கழற்றினார்.

"இங்க மாட்டு, புள்ள. எனக்கு வேற ஆணி அடிச்சுக்கலாம்."