நடுவில் நாலு கோடு

“இதுவும் ஆவாது. கழட்டு.”

சம்பங்கி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

பிரதாப்புக்கு முகம் வாடிவிட்டது. காலை ரயிலில் பெங்களூரிலிருந்து பங்காருபேட்டை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மூன்று ஹெட்டுகளைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன். பேனர் அடிக்கும் மிஷினில் மையைத் தெளிக்கிற பாகம்தான் ஹெட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு துளை அடைத்துக்கொண்டாலும் அச்சில் ஒரு கோடு விழாது. அதைப் பார்க்கத்தான் வெறும் கோடுகளாக ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுப்பார்கள்.

“ரெண்டாவதும் ஆவாதா? இன்னா சார் இது! சீல் பிரிக்காத மால் சார்.”

“சீல் உன்னுது. கண்ணு என்னுது. நடுவுல நாலு கோடு காணோம். பக்கத்துல இருக்கறதும் நெளியுது.”

“எனக்கு எல்லாக் கோடும் தெரியுதே சார்.”

“விக்கறவனுக்கு எல்லாம் தெரியும்.”

உள்ளிருந்து டீ கொண்டுவந்த தாயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் கடை. மிஷின் போக மிச்சமிருந்த இடத்தில் ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும்.

முன்பு ஒரு ஃபேக்டரியில் சம்பங்கி உருப்படிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வலது கண்ணில் லென்ஸை வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவர் குனிந்துவிட்டால் அந்த மேஜைப் பக்கம் பேச்சு நின்றுவிடும். அவர் தள்ளிய உருப்படியை எடுத்து இன்னொருவர் பார்ப்பது அங்கே வழக்கமில்லை. பார்த்தால் அது அவரை அவமதிப்பது. வேலையை விட்டு வந்தபோது கிடைத்ததையெல்லாம் இந்த மிஷினில் போட்டிருந்தார்.

தாயம்மா தாளை எட்டிப் பார்த்தாள். சம்பங்கி அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

“நான் பாத்தாச்சி.”

“பாத்தா இன்னா, தேஞ்சா பூடும்?”

“டீயக் குடு அவருக்கு.”

பிரதாப் மூன்றாவது ஹெட்டை மாட்டினான். மிஷின் ஓசையோடு போய்வந்தது. தாயம்மாவின் கண் சுவர்க் கடிகாரத்தின்மேல் இருந்தது. ஊரிகத்துப் பள்ளிக்கூட விழாவுக்கு நாற்பதடி பேனர். கடை திறந்தபிறகு வந்த முதல் பெரிய வேலை. முடியுமா முடியாதா என்று சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டும். முடியாதென்றால் வேலை பெங்களூருக்குப் போய்விடும். அப்புறம் இந்த ஊரில் யார் இந்தக் கடையைத் தேடி வருவார்கள்? ஆனால், மிஷினோடு வந்த ஹெட்டையே போன வாரம் சம்பங்கி தள்ளிவிட்டார்.

தாள் வெளியே வந்தது. சம்பங்கி குனிந்தார். கறுப்பைப் பார்த்தார். நீலத்துக்கு நகர்ந்தார். பிரதாப் டீயைக் கையில் வைத்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க வச்சிப் பாத்தாலும் நடுவுல ஓட்டை,” என்றார் கடைசியில். “கறுப்புலயும் ஓட்டை, நீலத்துலயும் ஓட்டை. மொத்த சரக்கும் ஒரே மாதிரி கெட்டுப்போயிக் கீது.”

“சார், ஸ்வல்ப யோசிங்க. பங்காருபேட்டைல இதே மாலு. ஒரு கம்ப்ளெயின்ட் வரல.”

“அவங்க பாக்கத் தெரியாதவங்க.”

“உங்களுக்கு மால் விக்கறதுக்கு நான் வேற வேலை பாக்கலாம் சார்,” என்றான் பிரதாப். கோபம்கூட இல்லை, களைப்புதான். பழைய ஹெட்டையே திரும்ப மாட்டிவிட்டு, தன்னுடையவற்றைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, தாயம்மாவிடம் மட்டும் “வரேங்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தாயம்மா போன் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஸ்கூலுக்கு இன்னான்னு சொல்றது?”

“முடியாதுன்னு சொல்லிடு.”

“நெஜமாவா?”

“கோடு கோடா வெள்ளையடிச்ச பேனரக் கட்டி ஊரே சிரிக்கறதுக்கு, கடைய மூடிட்டுப் போலாம். தப்பு மாலுக்கு நான் சீல் குத்தினதில்ல, தாயம்மா.”

அவள் போன் ரிசீவரை எடுத்து, மெதுவாக எண்களை அழுத்தத் தொடங்கினாள்.

சம்பங்கி நாற்காலியில் சாய்ந்தார். லென்ஸ் மடியில் கிடந்தது. மூடிய இடது கண்ணைத் திறக்கவும் தோன்றவில்லை. அப்படியே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மூடிப்போன சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் வெயிலில் நின்றது.

“அடப்பாவிங்களா,” என்றார். “கோபுரத்துலயே கைய வச்சிட்டானுங்க. பட்டப்பகல்ல அறுத்துக்கினு போயிக்கிறானுங்க பாரு, நடுக் கம்பிங்கள.”

தாயம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

“எங்கங்க? எல்லாக் கம்பியும் அப்டியேதான் கீது.”

சம்பங்கி இடது கண்ணைத் திறந்தார். கோபுரம் முழுசாக நின்றது. மறுபடி மூடினார். நடுவில் கம்பிகளைக் காணவில்லை.

மறுமுனையில் யாரோ “ஹலோ” என்பது அறைக்குள் கேட்டது.

“தாயம்மா,” என்றார் அவர், “ராத்திரிக்குள்ள பேனர் ரெடின்னு சொல்லு. நம்ம பழைய ஹெட்டே நல்லாத்தான் கீது.”