மண்சரிவுப் பாடம்

நமுனுகுல மலையில் மூன்று நாளாக மழை விடவில்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அறையில், இணைய வகுப்புக்காக மேகலா தனியாக மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தாள். பாடமும் இன்றைக்குப் பார்த்து இதுவாகவா இருக்க வேண்டும்?

"மழைத் தண்ணி உள்ளுக்க இறங்கிப் பாரம் கூடினா, மலைச்சரிவு தாங்காது பிள்ளையள்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான விரிவுரையாளர் இரகுநாதன் சேர்.

மேகலா கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

"முதல்ல நிலத்தில வெடிப்பு வரும். மரங்கள் சாயும்."

அதையும் எழுதினாள்.

"மண்ணு சரியுது! எல்லாரும் வெளிய ஓடியாங்க!"

பாதி எழுதிய கை அப்படியே நின்றது. சேர் இப்படிப் பேசமாட்டாரே! இது லயத்துப் பேச்சல்லவா? நிமிர்ந்து மடிக்கணினியைப் பார்த்தாள். சேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க! மலை வருது!"

கைபேசியை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கோயிலடி வரை ஓடித் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் அறை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

மேகலா கைபேசியைப் பார்த்தாள். விரிவுரை விளங்க வேண்டுமென்று பல்கலைக்கழகத்தில் கொடுத்த, பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலி அதில் இன்னும் திறந்தே இருந்தது. சேரின் பாடத்துக்குக் கீழே லயத்தின் கூச்சல் வரிவரியாக நின்றது. அவள் ஓடும்போது விழுந்திருந்த கடைசி வரியை இப்போதுதான் வாசித்தாள்.

"ஐயோ, மேகலாவ யாராச்சும் போய் இழுத்துட்டு வாங்க! அந்தப் புள்ளைக்குக் காது கேக்காதே!"