ஞாயிறு மட்டும் வளர்ந்தவன்

வீட்டோடு ஆயா வைத்தால் பாதிச் செலவுதான். ஆனால் பிள்ளையின் முதல் நடையை ஆயாதான் பார்ப்பாள். காப்பகத்தில் அந்தக் கவலை இல்லை. திங்கள் முதல் சனி வரை நீல வெளிச்சத்தில் பிள்ளை உறங்கும், உறங்கும்போது வளராது.

வேலைக்குப் போகும் குழலி காப்பகத்தையே தேர்ந்தெடுத்தாள். மகன் வேந்தனுக்குப் பல் முளைத்தது, அவன் தத்தித் தத்தி நடந்தது, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் கண்ணெதிரேதான்.

இந்த ஞாயிறு எதிர்வீட்டு நிறைமதி வந்தாள். வேந்தன் பிறந்த அன்றே பிறந்தவள். இருவரையும் ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறாள் குழலி.

"ஆன்ட்டி, காலேஜ் மதியத்தோட முடிஞ்சிடுது. வேந்தனை நான் வீட்டுலயே பாத்துக்கறேனே? காப்பகத்துக்குக் கட்டுறதுல பாதி குடுத்தா போதும்."

குழலி வாய் திறப்பதற்குள் வேந்தன் இரு கைகளையும் நீட்டி நிறைமதியின் இடுப்புக்குத் தாவினான்.

"அக்கா!" என்றான்.